அண்ணன் சுட்ட ஆட்டுத்தொடை

குவைத்திலிருந்து என் அண்ணன் திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது, வாய் நிறையக் கதை இருந்தது. சண்டை வந்து, எல்லாரையும் அள்ளி விமானத்தில் போட்டு அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் அவனும் ஒருவன். சம்பாதித்ததெல்லாம் அங்கேயே போயிற்று. அம்மா அப்பா இல்லை. அதனால் மண்ணூரில் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தான்.

தொண்ணூற்றொன்று பிறந்த பிறகும் ஊர்க்காரர்கள் வந்து வந்து அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. பரிதாபப்பட வந்தவர்களை உட்காரவைத்து பார்பிக்யூ பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

"வெள்ளக்காரன் வூட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல கறிய முழுசா வெச்சி சுடுவான். மசாலாவே கிடையாது. உப்பு, மிளகு, பொகை, அவ்ளோதான். நீங்கள்லாம் துன்றது கறியா? மசாலாவுல ஊறுன பஞ்சு."

இதை என் குழம்பை ஊற்றி, இன்னொரு தடவை சோறு வாங்கிக்கொண்டே சொல்வான்.

அந்தச் சமயம் செங்கல்பட்டுப் பக்கம் அவனுக்கு ஒரு பெண் அமைந்தது. நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. மட்டன் குழம்பு வைத்து, வடை சுட்டுக் கௌரவமாக அனுப்பிவிடலாம் என்று இருந்தேன்.

"நீ அடுப்புப் பக்கமே போவாத. நான் பார்பிக்யூ போடறேன். குவைத்துல இருந்தவன் எப்டிப்பட்டவன்னு அவங்க பாக்கட்டும்" என்றான் அண்ணன்.

முதலில் அடுப்பு வேண்டும். என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். "மச்சான், ஒரு கிரில்லு வேணும்" என்று அண்ணன் கேட்டதும் டேப்பை எடுத்துக்கொண்டு, "எந்த ஜன்னலுக்கு?" என்றார். அதற்கு அண்ணன் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஜன்னல் கிரில்லுதான்" என்றார்.

பிறகு இரண்டு பேரும் பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். பெண் பார்க்கப் போனபோதுகூட அண்ணன் அவ்வளவு கவனம் காட்டவில்லை. ஒவ்வொரு டிரம்மாகத் தட்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், உள்ளே தலையை விட்டுக் கூப்பிட்டும் பார்த்தான். கடைசியில், இருந்ததிலேயே நாற்றமான டிரம்மைத் தேர்ந்தெடுத்தான். தகடு கனமாம். அதில் முன்பு பெயின்ட் இருந்திருக்கிறது. அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, கால் வைத்து வெல்டிங் செய்தார்கள். மேலே வைக்க, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஜன்னல் கிரில் ஒன்று கிடைத்தது. நடுவில் உதயசூரியன் மாதிரி டிசைன், அதன் மேல் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுகிற செங்காவி பிரைமர்.

"ஒரு நாள் முழுக்க வெறும் நெருப்பு போட்டு எரிச்சிடு, பெயின்ட் வாசனை போவட்டும்" என்றேன்.

"சூடு ஏறுனா தானா போய்டும். உனுக்கு இன்னா தெரியும்" என்றான்.

என் வீட்டுக்காரர் அவனுக்குத் தெரியாமல் டிரம்மில் குப்பையைப் போட்டு எரித்து, பிரைமரையும் சுரண்டி வைத்தார். இல்லாவிட்டால் அன்றைக்கு வந்தவர்களை நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் அடுத்த தகராறு. கடைக்காரர் பழக்கத்தில் கத்தியை ஓங்க, அண்ணன் குறுக்கே கையை நீட்டிவிட்டான். "வெட்டாத. முழுசா குடு." கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, வேண்டுதலா?" என்று கேட்டார். முழுத்தொடையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் சைக்கிளில் உட்கார்ந்தான். தெருவே வேடிக்கை பார்த்தது.

அடுத்தது புகை. பழமரத்துக் கட்டைதான் வேண்டும் என்று பின்பக்கம் இருந்த என் கொய்யா மரத்தின் ஒரு கிளையை, காய்களோடு வெட்டினான். பச்சை மரம் எங்கே எரியும்? புகைந்தது. அப்படி ஒரு புகை. பக்கத்து வீட்டு அம்மா ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார். அது சமையல் என்று அவரை நம்பவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அண்ணன் மட்டும் கண்ணில் நீர் வழிய, "இந்தப் பொகைதான் ருசி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

விருந்தாளிகள் ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் வரை வந்து, அங்கிருந்து பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார்கள். பெண்ணின் அப்பா ரிட்டயர்டு ரயில்வேக்காரர், அதிகம் பேசாதவர். அம்மா கண்ணாலேயே வீட்டை அளந்துவிட்டார். பின்பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

"ஒன் அவர்ல ரெடி" என்றான் அண்ணன்.

காபி கொடுத்தேன். பிஸ்கட் கொடுத்தேன். மறுபடியும் காபி கொடுத்தேன். வெயில் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியது. அண்ணன் தொடையைத் திருப்பிப் போடுவதும், விசிறுவதும், அங்கே எந்த மரத்தை எரிப்பார்கள், மூடியை எப்போது மூடுவார்கள் என்று பாடம் நடத்துவதுமாக இருந்தான். அவர்கள் பசி முகத்தில் தெரியாமலிருக்கத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவழியாகத் தொடையை இறக்கினான். மேலே கன்னங்கரேல் என்றிருந்தது. ஒரு பக்கத்தில் உதயசூரியன் அப்படியே பதிந்திருந்தது. கத்தியை வைத்தான். கரித்தோல் பிளந்தது. உள்ளே ரத்தம், காலையில் கடையில் பார்த்த அதே நிறத்தில்.

பெண்ணின் அப்பா எழுந்து வந்து, குனிந்து பார்த்தார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"தம்பி, நீங்க இத சாப்ட்டிருக்கீங்களா?"

அண்ணன் ஆரம்பிக்கப்போகிறான், வெள்ளைக்காரன் அரை வேக்காட்டில்தான் தின்பான் என்று ஒரு கதை வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"இல்ல சார்" என்றான். "அந்த வெள்ளக்காரன் வூட்ல நான் தோட்ட வேலை. அவங்க தின்னுட்டு போனதும் அந்தக் கம்பிய கழுவி வெக்கிறது என் வேலை. கறி எனக்குக் குடுத்ததில்ல. வாசனை மட்டுந்தான் தெரியும்."

என்னிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெண்ணின் அம்மாதான் எழுந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார். "அருவாமனை எங்கம்மா? இஞ்சி பூண்டு இருக்கா?" தொடையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். கருகலைச் செதுக்கித் தள்ளி, துண்டு போட்டு, குக்கரில் ஏற்றி, என் மிளகாய்த்தூளில் தாராளமாகக் கைவைத்தார். விசில் சத்தம் கேட்டதும்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். குழம்பில் லேசாகப் புகை வாசம். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் இரண்டு வாய் உண்டுவிட்டு, "பொகை நல்லா ஏறிகீது, இல்ல?" என்றான். அவ்வளவுதான், பழைய ஆள் திரும்பிவிட்டான். நான் அவன் தட்டில் எலும்பாகப் பார்த்துப் போட்டேன்.

கிளம்பும்போது பெண்ணின் அப்பா என் வீட்டுக்காரரைத் தனியே அழைத்துப் போனார். "பெருமை பேசற பசங்க ரெண்டு பேர் ஏற்கெனவே வந்தாங்க. கேட்டதுக்கு நெசத்த சொன்னவர் இவர்தான். தேதி பாப்போம்" என்றாராம்.

கோடையிலேயே கல்யாணம் நடந்தது. கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் பந்திக்குக் காத்திருந்தபோது மேடையில் மாப்பிள்ளையைக் காணோம். தேடிப் போனால், பின்பக்கம் கோட்டும் சூட்டுமாக பிரியாணி அண்டா பக்கத்தில் நின்று, தம் போடுவது எப்படி என்று மாஸ்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். மாஸ்டர் என்னைப் பார்த்துக் கரண்டியை நீட்டி, "யாரும்மா இவரு?" என்று கேட்டார். "மாப்பிள்ளை" என்றேன்.

"அப்ப போய் போட்டோவுக்கு நிக்கச் சொல்லுங்க" என்றார்.