பதினோரு வருஷமா பாவி வேஷம்

சாமியார் ஆகப் போறவனுக்குப் பிரசங்கம் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்காங்க. அவன் முன்னாடி மண்டி போட்டு பொய்ப் பாவம் சொல்லத்தான் ஆள் கிடைக்கறதில்ல. செங்கல்பட்டுப் பக்கத்துல எங்க குருமடத்துல அந்த ஆள் நான். பட்டத்துக்கு ஒரு படி கீழ, கடைசி வருஷத்துல இருக்கற டீக்கன்கள், ஜனங்க வந்து பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழகணும். நெசப் பாவம் கேக்க அவங்களுக்கு இன்னும் அதிகாரம் இல்ல. அதனால நான் பாவியா நடிப்பேன், அவங்க ஊதா ஸ்டோல் துண்டைக் கழுத்துல போட்டுகினு கேப்பாங்க. நான் கையெழுத்துப் போட்டாத்தான் அவங்களுக்குக் குருப்பட்டம். பொறுமையா காது குடுத்துக் கேக்கத் தெரியாதவனுக்குக் கையெழுத்து கிடையாது, அதுல நான் கல்லு. பரிட்சைப் பேப்பர் திருத்தறவங்க, லைசென்ஸுக்கு எட்டு போடச் சொல்லி வெயில்ல நிக்கறவங்க, புது ஆளுக்கு மெஷின் சொல்லித்தர்ற சூப்பர்வைசருங்க, நம்ம பேஜாரு நமக்குத்தான் தெரியும்.

சமையக்கட்டு வரைக்கும் கேட்டது

அன்னிக்கு நான் குடிகாரன். பொண்டாட்டிய அடிச்சேன், அவ கம்மலை வித்துக் குடிச்சேன்னு கொஞ்சம் உருக்கமாவே அழுதுட்டேன். ஜன்னல் தெறந்து கெடந்ததை கவனிக்கல. மத்தியானம் சமையல் பண்ற ரோஸியக்கா என் தட்டை மட்டும் டொக்குனு வெச்சாங்க. எல்லாருக்கும் மீன் துண்டு, எனக்கு வெறுங்கொழம்பு.

இது பயிற்சி அக்கா, நடிப்புன்னு பொறுமையா விளக்கினேன். இடுப்புல கை வெச்சுகினு முழுசா கேட்டாங்க. அப்பறம் சொன்னாங்க: "நடிப்போ இன்னாவோ, அந்தப் பொம்பளைக்குக் கம்மலைத் திருப்பிக் குடுத்துட்டு வா ஃபாதர், அப்பால மீன் வெக்கறேன்."

ஞாயித்துக்கிழமை கடல்

டீக்கன் அந்தோணி மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு குப்பத்துலேர்ந்து வந்தவன். அவனுக்காக நான் மீனவன் ஆனேன். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகாம கடலுக்குப் போயிட்டேன் சாமின்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "இன்னா மீன் பட்டுச்சு?"ன்னான்.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. ஸ்டோலைக் கழட்டச் சொல்லி, பாவம் கேக்க வந்தியா, மார்க்கெட்டுக்கு வந்தியான்னு எகிறிட்டேன். அவன் அசரல. "ஃபாதர், ஞாயித்துக்கிழமை போனவன் வெறும் வலையோட திரும்பினா பாதி தண்டனை அங்கயே முடிஞ்சுபோச்சு. மீதி எவ்ளோன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்." அவனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

பைபிளைப் புரட்டினது

இப்ப ஜெரோம் கதைக்கு வரேன். அவனும் அதே வருஷத்து டீக்கன். அப்பாவுக்கு அணுமின் நிலையத்துல வேலை, வூடு அணுபுரத்துல. பிசிக்ஸ்ல எம்எஸ்சி முடிச்சுட்டு குருமடத்துக்கு வந்தவன். நான் மறைமலைநகர்ல கார் பார்ட்ஸ் கம்பெனியில வேலை பாத்துகினு, கம்பெனி பஸ்ஸுல தூங்கி, ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது முடிச்சு, மத்தவங்களவிட பத்து வயசு மூத்தவனா குருமடம் சேந்தவன். இதை ஏன் சொல்றேன்னு உங்களுக்கே புரியும்.

ஒருநாள் வகுப்புல, ஊதாரி மகன் கதை மத்தேயு நற்செய்தியில வருதுன்னு சொல்லிட்டேன். "லூக்கா, ஃபாதர்"ன்னான் ஜெரோம். நாக்கு வழுக்கிடுச்சுன்னு விட்டிருக்கலாம். விடல. மத்தேயுதான்னு சாதிச்சு, பைபிளைத் தெறந்து தேட ஆரமிச்சேன். முன்னால புரட்டறேன், பின்னால புரட்டறேன், இருந்தாத்தானே கிடைக்கும்? வகுப்பே வாயைப் பொத்திகினு இருக்கு. ஜெரோம் மட்டும் வாயைத் தெறந்தான்: "நிதானமா தேடுங்க ஃபாதர், அந்தப் பையனும் வூட்டுக்கு வழி தெரியாமதான் சுத்திகினு இருந்தான்."

மூணு தடவை ஃபெயில்

அதுக்கப்பறம் பயிற்சியில ஜெரோமை மூணு தடவை ஃபெயில் போட்டேன். மொத தடவை அவசரப்படறான்னேன். ரெண்டாவது தடவை இழுக்கறான்னேன். மூணாவது தடவை என்னா காரணம் சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அறிக்கையில, 'பணிவு போதாது. பட்டத்தை ஒரு வருஷம் தள்ளிவைக்கலாம்'னு எழுதி குருமடத்து அதிபர் ஃபாதர்கிட்ட குடுத்தேன். ஒரு வருஷம் தள்ளிப்போனவங்க நிறைய பேர் திரும்பி வர்றதில்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன். ஜெரோமோட அம்மா போன் பண்ணி பட்டத்துக்குப் பத்திரிகை அடிக்கக் குடுக்கலாமான்னு கேட்டப்ப, பொறுங்கம்மான்னுட்டேன்.

அதிபர் ரொம்பப் பேசற ஆள் இல்ல. தாளை எங்கிட்டயே திருப்பித் தந்தார். "பணிவு இல்லன்னா இன்ன நாள் இன்னது நடந்துச்சுன்னு ஒரு சம்பவம் இருக்குமே. அதை ஒரு வரி எழுதி சனிக்கிழமைக்குள்ள குடுங்க ஃபாதர்."

நாலாவது தடவை

சம்பவம் வேணுமில்ல? உண்டாக்கிடலாம்னு வெள்ளிக்கிழமை ஜெரோமை மறுபடியும் கூப்ட்டேன். தாலுகா ஆபீஸ் அதிகாரி வேஷம். மண்டி போட்டேன். "எனக்குக் கீழ வேலை பாக்கற ஒருத்தனோட ஃபைலை நிறுத்தி வெச்சிருக்கேன் சாமி."

வாய்த்துடுக்கா ஏதாவது கேப்பான், புடிச்சுக்கலாம்னு பாத்தேன். அவன் ஒண்ணும் கேக்கல. தலையைச் சாச்சு சும்மா இருந்தான். சும்மா இருக்கறவன் எதிர்ல எவ்ளோ நேரம் மண்டி போட முடியும்? நானே பேசினேன். "பணிவு இல்லன்னு எழுதிட்டேன்." அவன் காதை இன்னும் கிட்ட கொண்டுவந்தான். "காரணம் அது இல்ல. எல்லார் முன்னாடியும் என்னைத் திருத்தினான். அவன் சொன்னதுதான் சரி. படிச்சவன். நான் கம்பெனி பஸ்ஸுல தூங்கிகினே படிச்சவன்..."

தாலுகா ஆபீஸ்ல ஏது கம்பெனி பஸ்? ஜெரோம் ஸ்டோலைக் கழட்டினான், மடிச்சான், மேசை மேல வெச்சான். எழுந்து என் கையைப் புடிச்சுத் தூக்கிவிட்டான். மொகத்துல கிண்டல் இருக்கான்னு தேடினேன், இல்ல. "இது நெசம் ஃபாதர். நெசத்தைக் கேக்க எனக்கு இன்னும் அதிகாரம் இல்ல. பட்டம் வாங்கின ஒரு சாமியார்கிட்ட போங்க. இதுக்கும் ஃபெயில் போடுங்க, பரவால்ல, ஆனா பாவமன்னிப்பு சொல்லி இதை நான் முடிச்சுவெக்க மாட்டேன்."

ஒரு வரி

எங்க குருமடத்துல வயசான ஃபாதர் ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்ட போயி, பல வருஷத்துக்கு அப்பறம் நடிக்காம மண்டி போட்டேன். திரும்பி வந்து பழைய அறிக்கையைக் கிழிச்சுட்டு புதுசு எழுதினேன். 'ஊதாரி மகன் கதை மத்தேயுவுலன்னு தப்புச் சொன்னது நான். திருத்தினது ஜெரோம். அதுக்காக மூணு தடவை ஃபெயில் போட்டது நான். இந்த ஆளுக்கு வாய் கொஞ்சம் நீளம், காது அதைவிட நீளம். பட்டம் குடுங்க.' கையெழுத்தை அழுத்தியே போட்டேன். அப்பறம் அணுபுரத்துக்குப் போன் போட்டு, பத்திரிகை அடிங்கம்மான்னேன்.

அதிபர் படிச்சார். கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் படிச்சார். நான் திட்டு வாங்க ரெடியா நின்னேன். "கதை லூக்கா பதினஞ்சாம் அதிகாரத்துல வருது ஃபாதர், அதையும் ஓரமா குறிச்சுடுங்க"ன்னார்.

நடிப்பு வராதவனை இந்த வேலைக்கு வெக்காதீங்கன்னு நானே அவர்கிட்ட சொல்லிப் பாத்துட்டேன், அந்தக் காரணத்துக்காகவே அடுத்த வருஷமும் பாவி நான்தானாம்.