மூன்று தட்டு

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் என் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். பயமாக இருந்தால் அமுக்குங்கள், உடனே வெளியே இழுத்துவிடுகிறோம் என்று அங்கிருந்த பெண் கன்னடத்தில் சொன்னாள். முந்தைய இரண்டு முறையும் குழாய்க்குள் தலை போனதுமே அமுக்கிவிட்டேன். தலைக்குள் இருக்கும் கட்டியைப் படத்தில் பார்க்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றாம் முறை மல்லாந்து படுத்தபோது மச்சான் நினைவு வந்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். மைசூரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சாலையில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு நானும் அங்கேதான் வேலை செய்தேன். ஒருமுறை பெட்டி நீளம் போதாமல், இறந்துபோன உயரமான ஒருவரைக் கால் மடக்கி வைக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் குடும்பம் அழுததைப் பார்த்த பிறகு, பெரிய பெட்டி எது முடிந்தாலும் மச்சான் தாமே அதில் படுத்துப் பார்ப்பார். மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்க்க நான் நான்கு திருகாணிகளையும் முடுக்க வேண்டும். உள்ளிருந்து மூன்று தட்டுத் தட்டினால் திறக்க வேண்டும்.

“ஒருநாள் நீங்க படுங்க மாப்ள, நான் மூடுறேன்” என்பார்.

“ஐயோ, வேணாம் மச்சான்.”

“பூசைல மட்டும் விசுவாசப் பிரமாணம் ஒரு சொல்லு விடாம வருது?”

அது உண்மை. நாலாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, மரித்தோர் உயிர்ப்பார்கள் என்று நம்பிக்கையை அறிக்கையிடும் அந்த நீண்ட செபம் ஒன்று மட்டும் பிசகாது. அவருக்குப் பாதியில் தடுமாறும். மீதிக்குச் சும்மா உதட்டை அசைப்பார்.

ஒரு மழைக்கால மத்தியானம். மூடியை முடுக்கிவிட்டு வழக்கம்போல ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். அந்தச் செபம் முடிவதற்குள் வர வேண்டிய தட்டு வரவில்லை. இன்னொன்று சொன்னேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. திருப்புளி என் கையில்தான் இருந்தது. திறந்தால் எப்படிப்பட்ட முகம் இருக்குமோ என்று கை எழவில்லை. மரித்தோர் எழுவார்கள் என்று வாரந்தோறும் சொல்கிற நான், ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் திறக்காமல் நின்றேன். அப்போது கேட்டது. டொக், டொக், டொக். கால்மாட்டிலிருந்து.

திறந்தேன். மச்சான் கைகளை மார்பில் கோத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கி எழுப்பினேன்.

“கண்ணு அசந்துட்டேன் மாப்ள. நீங்கதான் வெளிய இருக்கீங்களே.”

“இப்ப தட்டுனீங்களே?”

“நான் எங்க தட்டுனேன்?” என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகும் பல வருடம் அவர் படுத்தார், நான் மூடினேன். அவர் இறந்தபோது பெட்டியை நான்தான் செய்தேன். டேப் வைத்து அளந்ததோடு சரி, படுத்துப் பார்க்கவில்லை. கடைசித் திருகாணியை முடுக்காமல் நான் வெகுநேரம் காது கொடுத்து நின்றதை மனைவி மட்டும் கவனித்தாள். அத்தனை வருடம் அவர் நம்பிப் படுத்தது என்னையா, எனக்குப் பின்னால் நின்ற வேறு யாரையாவதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

குழாய்க்குள் தலை போனது. மூக்குக்கு மேலே ஒரு சாண்கூட இல்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினேன். என் வாழ்வில் முதல் தடவையாக அது பாதியில் நின்றுவிட்டது. விரல்கள் பந்தின் மேல் இறுகின. மெஷின் தட்டும், பயப்படாதீர்கள் என்று சொல்லித்தான் இருந்தார்கள். தலைக்கு மேலே தட்டும் என்றார்கள். எனக்குக் கேட்டது கால்மாட்டில். டொக், டொக், டொக்.

விரலைத் தளர்த்தினேன். படம் எடுத்து முடிந்ததும் அந்தப் பெண் என்னை உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. பந்து தரையில் கிடந்தது.