கடைமடைதான் முதலில் சில்லிடும்

பக்கத்து வீட்டு ஃபோனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உலை கொதித்துக்கொண்டிருந்தது, அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். "சிஸ்டர், அம்மா போயிட்டாங்க" என்றான் செழியன். "யாரோட அம்மா?" என்று கேட்டேன். செழியன் பிறந்தபோது அவனை முதலில் கையில் வாங்கியவள் நான். அவனுக்கு எத்தனை அம்மா இருக்க முடியும்? ஆனாலும் அப்படித்தான் கேட்டேன். "எங்கம்மா, சிஸ்டர்" என்றான். போன மாதம் தாராசுரத்தில் ஒரு கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடியும் கேட்டு வாங்கிப் பாயசம் சாப்பிட்டவர் அந்த அம்மா. ஃபோனை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செழியனின் அம்மா டாக்டர் தையல்நாயகியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடவாசல் பக்கத்தில் உள்ள எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் அவர் டாக்டராக இருந்த காலம் முழுக்க நான் அவருடைய நர்ஸாக இருந்தேன். சுவரில் மாட்டியிருந்த முதலமைச்சர் படம் மாறியது, பெஞ்சுகளின் பெயிண்ட் மாறியது, நாங்கள் இருவரும் மாறாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவருக்குப் படத்திறப்பு வைக்கிறார்கள். அதற்கான நினைவு மலரில் நானும் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். ஆனால் எனக்கு வந்திருப்பது அழுகை மட்டுமில்லை, கோபமும்தான். அதைத் துடைத்துவிட்டு எழுத எனக்குத் தெரியாது.

அன்றே திருவிடைமருதூரிலிருந்து பஸ் மாறி அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். "தூங்குற மாதிரியே போயிட்டாங்க, புண்ணியவதி" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அழுதுகொண்டே முகத்தைத் தொட்டேன். உதட்டை லேசாக விலக்கிப் பார்த்தேன். செத்த உடம்பு வெளுக்கும் என்பது எனக்குத் தெரியாததா? இது அந்த வெளுப்பு இல்லை. ஈறு, நாக்கு, கண்ணிமையின் உட்புறம் எங்கேயும் சிவப்பு என்று சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. எழுந்து நேராகச் சமையலறைக்குப் போய் மருமகள் வசந்தாவைப் பிடித்தேன்.

"ரெண்டு நாளா எந்திரிச்சா தலை சுத்துதுன்னாங்க சிஸ்டர். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் நடந்தாங்க. ஃபேனுக்கு அடியில உக்காந்தும் வேர்த்துச்சு. கையைத் தொட்டா ஜில்லுனு இருந்துச்சு. கேட்டா, வெயில்தாம்மான்னாங்க."

"வெளிக்கு எப்படிப் போச்சு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தாரு மாதிரி கறுப்பா. நானும் கேட்டேன். இரும்பு மாத்திரை போடுறேன்ல, அப்படித்தான் போகும்னாங்க. அத்தைக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

முழங்கால் வலிக்கு அவர் மாதக்கணக்காக மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். அது வயிற்றைப் புண்ணாக்கியிருக்கிறது. புண்ணிலிருந்து ரத்தம் உள்ளேயே கசிந்து, பிறகு கொட்டியிருக்கிறது. வந்து பார்த்த உள்ளூர் டாக்டரும் அதையேதான் சொன்னார். இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பு வேறு, பிசுபிசுவென்று ஒட்டி நாறுகிற கறுப்பு வேறு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த அம்மாதான். வாசலில் வண்டி நிற்கும்போதே, உள்ளே இருப்பவர் உடம்பில் ரத்தம் குறைகிறது என்று கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டென்றால் அது இவர். அவர் ரத்தம் போயே செத்தார். நான் இன்னமும் அந்தச் சமையலறையிலேயே நிற்பதுபோல் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நாங்கள் இருந்த அந்த அறுவடைக் காலங்களைப் பற்றி இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் புது ஆட்சி வந்திருந்தது. இங்கே கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டவர்கள் ஒரு பக்கம். வெளியூர் ஆளை இறக்கி அறுத்தவர்கள் மறுபக்கம். வயலில் அரிவாள் இறங்கினால் நாங்கள் ஆஸ்பத்திரியில் தையல் நூலையும் ஊசியையும் எடுத்து வைப்போம். ஒரு குறுவை அறுப்பில் களத்திலேயே அடிதடி நடந்து, இரு தரப்பையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். மிராசுதாரின் வயலைக் கவனிக்கும் காரியக்காரருக்கு மண்டை உடைந்து முகமெல்லாம் ரத்தம். அவர் போட்ட கூச்சலில் பிரசவ வார்டில் இருந்த பெண்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். போலீஸ், மிராசுதார், அவருடைய ஆட்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா கத்துறாரு, நல்லது. துணி வச்சு அமுக்கிப் பிடிங்க. கத்தாத ஆளு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

வராந்தா ஓரத்தில் அஞ்சான் என்ற கூலியாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூங்கில் கழியால் இடது விலாவுக்குக் கீழே அடி. தோலில் ஒரு கீறல் இல்லை. கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, தண்ணி மட்டும் கொஞ்சம்" என்றார். டாக்டர் அவர் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் சிவக்கவே யோசித்தது. நாடி ஓட்டமாக ஓடியது; விரலுக்குச் சிக்காமல் நூல்போல் இருந்தது. நெற்றியில் குளிர்ந்த வேர்வை. நான் அவசரமாகப் பி.பி. பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது. "பி.பி. நல்லாத்தானே இருக்கு டாக்டர்?" என்றேன்.

"நொடிச்சுப்போன மிராசு வீட்டை நீங்க பாத்ததில்லையா சிஸ்டர்? நெல்லுப் பத்தாயம் காலியாயிருக்கும், வாசல்ல விளக்கு மட்டும் எரியும். உடம்பும் அப்படித்தான், கடைசி வரைக்கும் கௌரவம் பாக்கும். பி.பி. இறங்குற வரைக்கும் நாம காத்திருந்தோம்னா லேட்டு" என்றார். சொல்லும்போதே சலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளே ரத்தம் கொட்டுகிறது, தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறக்க வேண்டும். எங்களிடம் வண்டி இல்லை. வாசலில் நின்ற ஒரே கார் மிராசுதாருடையது. சேரி ஆளை அந்தக் காரில் ஏற்றுவதாவது! டாக்டர் மிராசுதாரிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இந்த ஆளு பொழைச்சா இது அடிதடிக் கேஸு. செத்தா கொலைக் கேஸு. உங்களுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க." இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டார். மிராசுதார் டிரைவரைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

டாக்டர் முன்சீட்டில் ஏறவில்லை. பின்னால் ஏறி, அஞ்சானைப் படுக்க வைத்து, சேறு காயாத அந்தக் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். காலை உயர்த்தி வைத்தால் இருக்கிற ரத்தமாவது இதயத்துக்குத் திரும்பும். காரணம் அவ்வளவுதான். ஊர் அதற்கு வெவ்வேறு காரணங்கள் கற்பித்துப் பல நாள் பேசியது. அஞ்சானுக்கு மண்ணீரலை எடுத்தார்கள், பிழைத்தார். அவருடைய பேரன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.

எல்லாரும் பிழைக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைக் கூண்டு வண்டியில் வைக்கோல் மேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். கை கால் சில்லிட்டுப் போனதால் ஜன்னி என்று முடிவுகட்டி, உள்ளங்காலில் சுக்குப்பொடியைத் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்துபோயிருந்தது. அவள் புரண்டுகொண்டே இருந்தாள். "தண்ணி, தண்ணி" என்று கேட்டிருக்கிறாள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் ஜன்னி முற்றிவிடும் என்று ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. வைக்கோலுக்கு அடியில் வண்டிப் பலகை முழுக்க ரத்தம். அது வைக்கோலில் இறங்கியதால் யார் கண்ணிலும் படவில்லை. டாக்டர் இரண்டு கையிலும் ஊசி போட இடம் தேடினார். ரத்தக்குழாய்கள் அனைத்தும் ஒட்டிப்போயிருந்தன. நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் புரள்வது நின்றுவிட்டது. மாமியார் என்னைப் பார்த்து, "இப்ப அமைதியாயிட்டா பாருங்க" என்றாள்.

டாக்டர் அன்று யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. அந்த வாரமே அந்தக் கிராமத்துக்குப் போனார், நானும் போனேன். வாய்க்கால் படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம், புடவை நனைய நின்றுகொண்டே பேசினார். "ஆத்துல தண்ணி கொறைஞ்சா எந்த வயலு முதல்ல காயும்?" என்று கேட்டார். "வாய்க்கால் கடைசியில இருக்குற கடைமடைதான்" என்றார்கள். "உடம்புக்குக் கடைமடை கையும் காலும். ரத்தம் கொறைஞ்சா உடம்பு அங்க அடைச்சுட்டு மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விட்டுக்கும். கை கால் சில்லுனு ஆச்சுன்னா அது ஜன்னி இல்ல, உள்ள தண்ணி வத்துது. பெத்தவ தாகம்னா குடுங்க. குடுத்துக்கிட்டே வண்டியைக் கட்டுங்க." ஒரு கிழவி, "டாக்டரம்மா கணக்கு நம்ம நீர்ப்பாசனம் மாதிரியில்ல இருக்கு" என்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. அதன்பிறகு அந்த ஊரிலிருந்து வண்டிகள் நேரத்துக்கு வந்தன.

இப்படிப்பட்டவர் எப்படி விட்டார்? இரவும் பகலும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று ஆயிரம் கர்ப்பிணிகளுக்குச் சொன்ன வாய் அது. அதே ஆறுதலைத் தனக்கும் சொல்லிக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் இருந்தவர்களோ, டாக்டர் சொல்லிவிட்டார் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். அவர் டாக்டராக இல்லாமல் வெறும் மாமியாராக இருந்திருந்தால், வசந்தா முதல் நாளே டாக்ஸி பிடித்திருப்பாள். இப்படி ஒரு தப்பு டாக்டர் வீட்டில்தான் நடக்கும்.

காரியமெல்லாம் முடிந்து நான் புறப்படும்போது செழியன் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். "சிஸ்டர், மலர்ல மாரடைப்புன்னே போட்டுடுங்க" என்றான். "ஊருக்கெல்லாம் கண்டுபிடிச்சவங்க, அவங்களுக்கே தெரியலையான்னு பேசுவாங்க. அம்மா பேரு கெடக் கூடாது." அவன் கண் கலங்கியிருந்தது. நான் பஸ் ஏறினேன். அவன் கேட்டது நியாயமில்லை என்று சொல்ல முடியுமா? அவனுக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெயர்தான். ஆனால் அந்தப் பெயரை அவர் சம்பாதித்ததே, ரத்தம் போகிறது என்பதை மூடி மறைக்காமல் வாய்விட்டுச் சொல்லித்தான். மாரடைப்பு என்று என் கை எழுதாது. எழுதவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு மரியாதைக்குறைவு. இப்போதெல்லாம் யார் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், முகம் வெளுத்து வாடியிருந்தால் விடமாட்டேன். கையைப் பிடித்துவிடுவேன், வெளிக்கு என்ன நிறத்தில் போகிறது என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். பெரியவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். அந்த மரியாதைக்குறைவை அவரிடமே ஒரு முறை காட்ட எனக்கு வாய்க்கவில்லை.

இதுவரை எழுதி வைத்திருந்தபோது, கட்டுரையை வாங்கிப்போகச் செழியன் வந்தான். "நீ கேட்ட மாரடைப்பு இதுல இல்ல செழியா. பிடிக்கலைன்னா போடாதே" என்று கையில் கொடுத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் கடைசி வரை படித்தான். மறுபடியும் நடுவில் எதையோ தேடிப் படித்தான். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான்:

"போறதுக்கு முதல் நாள் பூரா அம்மா ஒண்ணுக்கே போகலையாம் சிஸ்டர். வசந்தா சொன்னா. அதுவும் அறிகுறிதானா?"

"ஆமாம்ப்பா. ரத்தம் கொறைஞ்சா உடம்பு இருக்கிற தண்ணியை வெளிய விடாது."

அவன் தாள்களை என்னிடமே திருப்பி நீட்டினான்.

"அதை விட்டுட்டீங்க. எழுதிக் குடுங்க, இருந்து வாங்கிட்டுப் போறேன். யாராவது படிச்சுட்டு அவங்க அம்மாவைக் கேக்கட்டும்."