முகம் குப்புற விழுந்த வீரன்

இரண்டு வருடமாக நான் சம்பளத்துக்கு அடிபட்டுக்கொண்டிருந்தேன். அரியாலையில் ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டில் உருவாகும் வீடியோ கேம்களை அவை வெளிவருவதற்கு முன்பே விளையாடிப் பார்த்து, பிழைகளைக் கண்டுபிடித்து எழுதி அனுப்புவது எங்கள் தொழில்.

அந்த இரண்டு வருடமும் எங்கள் கையில் இருந்தது ஒரு சண்டை கேம். சந்தையில் காலங்காலமாகப் போட்டியாளர்களாக இருந்த இரண்டு கம்பெனிகள் தங்கள் தங்கள் கதாநாயகர்களை ஒரே மேடையில் இறக்கி மோதவிடுவதாகத் தீர்மானித்திருந்தன. இவர்களுடைய வீரன் அவர்களுடைய வீராங்கனையோடு மோதினால் யார் வெல்வார் என்று சின்ன வயதிலிருந்தே வாதாடி வளர்ந்தவர்கள் உலகம் முழுக்கக் காத்திருந்தார்கள். யார் யார் வருகிறார்கள் என்பது பரம இரகசியம். வீட்டாருக்கும் சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்திருந்தோம்.

உருவாகிக்கொண்டிருக்கும் கேமைப் பார்த்தால் ஒருவருக்கும் ஆசை வராது. உடுப்பில்லாத, தோல் நிறமில்லாத சாம்பல் பொம்மைகள். அடிக்கிற கையைச் சுற்றி ஒரு சிவப்புப் பெட்டி, அடி வாங்குகிற உடலைச் சுற்றிப் பச்சைப் பெட்டிகள். சிவப்பு பச்சையில் பட்டால்தான் அடி விழுந்த கணக்கு. ஒரே குத்தை ஒரே தூரத்தில் நின்று நூறு தடவை குத்திப் பார்ப்பேன். அதைவிடப் பெரிய தலையிடி, இரண்டு கம்பெனிகளும் தந்திருந்த கட்டளைப் புத்தகங்கள். எங்கள் வீரன் தோற்கலாம், அழக்கூடாது. முழங்காலில் நிற்கலாம், முகம் குப்புற விழக்கூடாது. இதை வாசித்து நான் சிரித்தபோது எங்கள் முதலாளி சிரிக்கவில்லை. சுன்னாகத்தில் வெங்காயப் பயிர் செய்கிற குடும்பத்திலிருந்து வந்து இந்த அலுவலகத்தைத் தொடங்கியவர்.

"சிரியாதை தங்கச்சி. உதுதான் எங்கடை சோறு," என்றார்.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். குருநகர். மாதா கோவிலில் பூசை முடிந்து ஆட்கள் விசாரித்தால் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டு அம்மா கதையை மாற்றிவிடுவார். "கலியாணம் பேச வாறவையிட்டை, பிள்ளை நாள் முழுக்க விளையாடுறாள் எண்டு சொல்லுறதோ?" என்று என்னிடம் எரிந்து விழுவார்.

ஒரு கிழமை, வயர் மாற்றுகிறார்கள் என்று அரியாலைப் பக்கம் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் பழுது. வேலையோ அந்தக் கிழமைக்குள் முடித்து அனுப்ப வேண்டும். முதலாளி யோசித்து யோசித்து, கடைசியில் கேமை ஓட்டும் சோதனைப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டார். "கதவைச் சாத்திப்போட்டுச் செய். அம்மாவுக்கும் காட்டாதை."

அப்படித்தான் செய்தேன். இரண்டாம் நாள் முற்பகலில் வீராங்கனையை வைத்து ஒரு புது உதையைச் சோதித்தபோது எதிரே நின்ற வீரன் முகம் குப்புற விழுந்தான். விழவே கூடாதவன். பிழையைக் குறித்துக்கொள்ள அந்த இடத்திலேயே கேமை நிறுத்தினேன். அப்போது வாசல் படலையில் காஸ்காரனின் மணி கேட்டது. போய் வெற்றுச் சிலிண்டரைக் கொடுத்துப் புதியதை வாங்கி வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வரும்போது அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

நாலு நாள் கழித்து, பக்கத்து மேசைப் பெண் தன் போனை என் முன்னால் நீட்டினாள். "அக்கா, ஆரோ கேமை வெளியாலை விட்டிட்டினம்!"

இரண்டு சாம்பல் பொம்மைகளைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். வீரன் குப்புறக் கிடந்தான். அவன் முதுகில் மற்றக் கம்பெனி வீராங்கனையின் கால். வட்டத்துக்கு வெளியே ஒரு கடல்பச்சை அலுமாரி. அதன்மேல் மாதா சுரூபம், சுரூபத்துக்குப் பின்னால் காய்ந்த குருத்தோலை. ஓரத்தில், பூப்போட்ட வீட்டுச் சட்டையில் ஒரு தோள். அது என் அம்மாவின் தோள்.

படத்துக்குக் கீழே கருத்துகளில், அறியாத தேசங்களில் இருந்து ஆட்கள் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீரனை இப்படி அவமானப்படுத்தலாமா என்று ஒரு பக்கம். இந்த அலுமாரி எந்த நாட்டு அலுமாரி என்று இன்னொரு பக்கம்.

போனை வாங்கிக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

"அண்ணை, உது எங்கடை வீடு."

"விசர்க்கதை கதையாதை."

"உந்த அலுமாரி எங்கடை. உதிலை நிக்கிறது அம்மா."

படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதிரையில் மெல்ல இருந்தார். "பெட்டியைத் தந்துவிட்டது நான்," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஸ்கூட்டியில் வீட்டுக்குப் பறந்தேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, காஸ்காரன் வந்த நேரம் ஆரோடை கதைச்சனீங்கள்?"

"கனடாவிலை சின்னம்மாவோடை. ஏன்?"

"போனை என்ரை அறைக்குள்ளை கொண்டுபோனனீங்களோ?"

"ஓம், காட்டினனான்." தயக்கமே இல்லை. "தன்ரை பெடியன் எஞ்சினியர் எண்டு எந்த நாளும் புழுகிறவள். உலகம் முழுக்கப் போற சாமான் என்ரை பிள்ளையின்ரை கையாலைதான் போகுது, பார் எண்டு காட்டினனான்."

என் வேலையைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

படத்தைக் காட்டினேன். "ஐயோ மாதாவே, வீட்டுச் சட்டையோடை!" என்றார் முதலில். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஆர் ஆர் பாத்தவை, மோனை?"

"எல்லாரும், அம்மா."

வீடியோ அழைப்பில் கண்டதைப் படமாகப் பிடித்தது சின்னம்மாவின் அந்த மகன்தான். அந்தக் கேமுக்காகவே காத்திருந்தவன். "அக்கா, சத்தியமா ரெண்டு பேருக்குத்தான் அனுப்பினனான்," என்று போனில் அழுதான். அன்றிலிருந்து அம்மா தன் தங்கையின் அழைப்பை எடுக்கவில்லை.

பின்னேரம் வெளிநாட்டுக் கம்பெனியோடு வீடியோவில் பேச்சு. அறையில் யார் இருந்தது என்று ஒரு பெண் அமைதியாகக் கேட்டார். "என் அம்மா" என்றேன். பெட்டியை வீட்டுக்குத் தந்துவிட்டது தான்தான் என்று முதலாளி குறுக்கே சொன்னார். ஒரு மணித்தியாலத்தில் என் கடவுச்சொல் வேலை செய்யாமல் போனது. அலுவலகம் எச்சரிக்கையோடு தப்பியது. என்னைப் பலசரக்குக் கடைகளுக்கான பில் போடும் செயலியைச் சோதிக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

பல மாதம் கழித்து கேம் வெளிவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி எல்லோருடைய வீட்டாரையும் அலுவலகத்துக்கு அழைத்தார். அம்மா கோவிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். சாம்பல் பொம்மைகளுக்கு இப்போது முகமும் உடுப்பும் வந்திருந்தன. கடைசியில், செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஓடத் தொடங்கின. எங்கள் அலுவலகத்தின் பெயர் வந்ததும் கைதட்டல். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு குடும்பம் எழும்பியது.

என் பெயர் வரவில்லை. வரும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

"எழுத்து கெதியாப் போகுது," என்றார் அம்மா. "திருப்பிப் போடச் சொல்லு."

திருப்பிப் போட்டார்கள். அம்மா எழும்பித் திரைக்குக் கிட்டப் போய் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முதலாளி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்று அம்மா அவர் பக்கம் திரும்பினார். "படம் காட்டினது நான். உவள் ரெண்டு வருஷம் உதுக்குள்ளை கிடந்தவள்."

"தெரியும் அம்மா. ரெண்டு தரம் எழுதிக் கேட்டனான். ஏலாது எண்டிட்டினம். உங்களுக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை."

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையைக்கூட மாற்றாமல் போனை எடுத்தார். அத்தனை மாதங்களுக்குப் பிறகு தன் தங்கையை அழைத்தார்.

"ஓம், கேம் வந்திட்டுது," என்பது என் அறைக்குக் கேட்டது. "பாத்தனான். என்ரை பிள்ளையின்ரை பேர் போடேல்லை. உன்ரை மோனை ஏசாதை. நான்தான் காரணம்."

அந்தத் தங்கையிடம் எதிலும் தோற்றதாக அம்மா ஒப்புக்கொண்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மறுபக்கம் சின்னம்மா என்ன சொன்னாரோ தெரியாது. அம்மா கனநேரம் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.