ஒற்றைக் காலில்

டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹாரன் என்பார்கள். வயதில் சின்னவர்கள் ஹாரன் அக்கா என்பார்கள். பேருந்து ஓட்ட வந்த முதல் நாளே ஹாரன் உள்ளே அமுங்கி மாட்டிக்கொண்டது. பயணிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கண்டக்டர் இறங்கி ஓடிவிடலாமா என்று படியைப் பார்த்தார். அவளோ கடைசி நிறுத்தம் வரை வண்டி அலற அலற ஓட்டிப்போய்த்தான் நிறுத்தினாள்.

"நடுவுல நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று மேனேஜர் கத்தினார்.

"ஏறினவங்க கடைசி வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்காங்க சார். கெட்டது ஹாரன்தானே, பிரேக்கா?"

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவளுடைய குரலும் அதற்குப் பொருத்தமாகவே இருந்ததால் பிறகு யாரும் மாற்ற நினைக்கவில்லை.

துரையும் அவளுக்குப் பேருந்தில் கிடைத்தவன்தான். ஒரு நாள் கடைசி சீட்டுக்கு அடியில் பழுப்பு நிற நாய்க்குட்டி ஒன்று, யாரோ விட்டுப்போன குடையின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. குடையைத் தேடி ஒருவர் வந்தார். குட்டியைத் தேடி யாரும் வரவில்லை. வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அவள் கணவன் வேறொரு குடித்தனம் பார்த்துக்கொண்டு போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஜன்னலோரம் அவன் உட்காரும் நாற்காலி சும்மா கிடந்தது. குட்டி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "வந்ததும் வராததுமா தொரை மாதிரி உக்காந்திருக்கான் பாரு" என்றாள். அதுவே பெயரானது.

அவளோடு இருக்கும் தம்பி இன்னும் ஒரு படி மேலே போனான். அவன் போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவன். நாய்க்கு அவன் வைத்த உறவு, மாமா.

"அக்கா, மாமா சாப்பிட்டாரா?"

"வாய ஒடச்சிருவேன்."

"இல்ல, பழைய மாமாவ விட இவர் தேவலைன்னுதான் சொல்ல வந்தேன். வீட்டுக்கு நேரத்துக்கு வர்றார்."

துரைக்கு ஒரு திறமை இருந்தது. அவள் வேலைக்குக் கிளம்ப ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுப்பாள். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் நாற்காலியிலிருந்து இறங்குவான். முன்னங்கால் ஒன்றை மடக்கித் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கதவு வரை வந்து, உலகத்துச் சோகத்தையெல்லாம் கண்ணில் வைத்துப் பார்ப்பான். முதல் தடவை அவள் பதறிப்போய் உட்கார்ந்து காலை நீவிவிட்டாள். டிப்போவில் தாமதத்துக்குத் திட்டு வாங்கினாள். இன்னொரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, நொண்டி நாய் பந்தைத் துரத்திக்கொண்டு வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தது. தம்பிதான் இன்னொன்றையும் கண்டுபிடித்தான். காலையில் வலது கால், சாயங்காலம் இடது கால். எந்தக் காலில் வலி என்பதை நடிகர் மறந்துவிடுகிறார்.

துரையை அவள் காட்டுகிற டாக்டர் ஒருவர்தான். முன்பு அவருடைய மருத்துவமனை ஒரே ஓர் அறை. ஆடுகிற பெஞ்சு, சுவரில் பல்லிளிக்கும் பூனைப் படம், அவ்வளவுதான். ஊசி போட்டுவிட்டு "இருக்கிறதைக் குடுங்க" என்பார். பிறகு ஒரு கம்பெனி அதை வாங்கியது. அதே டாக்டர், சட்டையில் மட்டும் கம்பெனியின் முத்திரை. பெஞ்சு போய் மெத்தை நாற்காலி வந்தது. குளிர்சாதனம் வந்தது, காபி மெஷின் வந்தது. எடை பார்ப்பதற்குக்கூடத் தனிக் கட்டணம் வந்தது.

"டாக்டர், நாய்க்குக் காபி குடிக்கிற பழக்கம் இல்ல. அந்த மெஷினுக்கும் சேத்து ஏன் என் தலையில கட்டுறீங்க?"

"வெலைய நான் போடறதில்லம்மா" என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

டிப்போவில் ஒருவர் தன் பூனைக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்துவிட்டு வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் அவள் துரைக்கு இன்சூரன்ஸ் எடுத்தாள். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குப் போனது. எடுப்பதற்கு முன் டாக்டர் ஒருமுறை நாயைப் பரிசோதித்து எழுதித் தர வேண்டும் என்றார்கள். போனாள். எல்லாம் முடிந்து கிளம்பச் சாவியைக் கையில் எடுத்தாள். துரை உடனே முன்னங்காலைத் தூக்கிவிட்டான்.

"கால்ல என்ன?" என்றார் டாக்டர்.

"அதுவா? அப்பப்ப நொண்டுவான் டாக்டர்" என்று அவள் சிரித்தாள்.

நடிப்பான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், வெளியே இரண்டு நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு மெத்தை நாற்காலிகள் சரிந்தன. டாக்டர் ஓடினார். பாதிப் பேச்சு அவள் வாயிலேயே நின்றுபோனது. சொன்ன பாதி மட்டும் டாக்டரின் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது.

ஒரு வருடம் கழித்து, ஜன்னலுக்கு வெளியே ஒரு பூனை நடந்துபோனதைப் பார்த்துத் துரை நாற்காலியிலிருந்து குறுக்கே பாய்ந்தான். விழுந்தவன் எழுந்தபோது பின்னங்கால் தரையைத் தொடவில்லை. அவள் சாவியைத் தொடவும் இல்லை. அவன் கண்ணில் அந்தப் பழைய சோகமும் இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றான். அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

முழங்கால் மூட்டுக்குள் நார் அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் பழையபடி ஓடுவான். செய்யாவிட்டால் பாரமெல்லாம் அடுத்த பின்னங்காலில் விழும். கனத்த நாய், அதுவும் சீக்கிரம் போய்விடும். "அப்புறம்..." என்று நிறுத்தினார்.

"அப்புறம் என்ன?"

"எழுந்திரிக்க முடியாத நாய வலியோட வச்சிருக்க முடியாதும்மா. சில பேர் ஊசி போடச் சொல்லிடறாங்க."

ஆபரேஷனுக்கு ஆகும் தொகையைக் கேட்டு அவள் மனக்கணக்குப் போட்டாள். மூன்று மாதம் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் இருந்தால் கட்டலாம். பரவாயில்லை, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று எழுதிப் போட்டாள். பதில் சீக்கிரமே வந்தது. இந்த நாய் பாலிசிக்கு முன்பே நொண்டிக்கொண்டிருந்தது, பழைய கோளாறுக்குப் பணம் தர இயலாது.

"வாயக் குடுத்து மாட்டிக்கிட்டியேக்கா" என்றான் தம்பி. அவன் அன்று மாமா என்று சொல்லவில்லை.

டாக்டரிடம் போனாள். "நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்?" என்றார்.

"சொன்னதுல பாதிதான் எழுதினீங்க. அன்னைக்கு எந்தக் காலத் தூக்கினான்? முன்னங்கால். இப்ப அறுந்தது எது? பின்னங்கால். முன்னாடிக்கும் பின்னாடிக்கும் வித்தியாசம் தெரியலன்னா என் வண்டியில ஏறாதீங்க, டாக்டர்."

அவர் ஒரு தாளை எடுத்தார். அன்று எந்தக் கால் என்று எழுதாதது என் தவறுதான், முன்னங்காலில் எந்தக் கோளாறும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். "அவங்க ஏத்துக்கணுமே" என்றார். "கெஞ்சிப் பாருங்க."

"யார் கால்லயும் விழறதா இல்ல டாக்டர். மாசாமாசம் கட்டியிருக்கேன். எம் பணத்தக் கேக்கப் போறேன்."

விடுப்புக் கிடைக்கவில்லை. மத்தியான ஷிஃப்டுக்கு முன்னால் இருந்த நேரத்தில், தம்பியின் கடையில் பெட்டி ஏற்றுகிற தள்ளுவண்டியில் போர்வை விரித்து, துரையைப் படுக்க வைத்து இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குத் தள்ளிப் போனார்கள். லிஃப்டில் ஏறினவர்கள் ஒதுங்கி நின்றார்கள். துரை ஊர்வலம் போகிறவன் மாதிரி எல்லாரையும் பார்த்துக்கொண்டு வந்தான்.

அதிகாரி ஒல்லியான மனிதர், பொறுமைசாலி. டாக்டர் எழுதியதைப் படித்தார். அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாய் நடிச்சதுன்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"நாயா?"

"ஏன் சார், மனுஷங்க மட்டுந்தானா?"

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். "மேடம், ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. ஒருவேளை அதுக்கு அப்பவே நெஜமா வலிச்சிருந்தா? கால மாத்தி மாத்தித் தூக்கினதே வலியினாலன்னா? நீங்க நடிப்புன்னு சிரிச்சிட்டிருந்திருக்கலாம் இல்லையா?"

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. எத்தனை காலை வேளைகளில் "போதும்டா நடிகா" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறாள்! தள்ளுவண்டியைப் பார்த்தாள். துரை வாலை ஆட்டினான்.

"காட்டுறேன்" என்றாள். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினாள். துரை ஒரு காதைத் தூக்கினான், அவ்வளவுதான். பலமாக ஆட்டினாள். "தொரை, அம்மா போறேன்டா!" கதவு வரை நடந்து காட்டினாள். துரை கொட்டாவி விட்டான். பக்கத்து மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. அவளுக்குக் காது மடல் சுட்டது.

"பரவாயில்ல மேடம்" என்றார் அதிகாரி மெதுவாக. அந்த மெதுவான குரலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. "டேய், எனக்கு டூட்டி இருக்கு. இவன வீட்டுக்குத் தள்ளிட்டுப் போ. நாளைக்கு மறுபடி வரேன், சார். நாளான்னைக்கும் வருவேன்" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"அக்கா! நில்லு!"

திரும்பினாள். துரை தள்ளுவண்டியில் எழுந்து நின்றிருந்தான். நிஜமாகவே அறுந்த பின்னங்கால் ஒருபுறம் தொங்கியது. அது போதாதென்று வலது முன்னங்காலையும் மடக்கித் தூக்கிக்கொண்டு, மிச்சமிருந்த இரண்டு காலில் ஆடி ஆடி நின்று, உலகத்துச் சோகத்தையெல்லாம் கண்ணில் வைத்து அவளைப் பார்த்தான். அவள் பொய்யாகப் போனபோது அசையாதவன், நிஜமாகப் போனதும் தூக்கிவிட்டான். யார் நடிக்கிறார்கள் என்று ஒரு நடிகனுக்குத் தெரியாதா?

சாய்ந்து விழப்போனவனைத் தம்பி தாங்கிப் பிடித்தான். "மாமா, இந்தக் காலுக்கு என்ன மாமா?" என்றான், அழுகையும் சிரிப்புமாக.

அதிகாரி மேசையைச் சுற்றி வந்தார். தூக்கிய முன்னங்காலைப் பிடித்து, விரல் விரலாக அழுத்தினார். துரை அவர் மணிக்கட்டை நக்கினான். காலை விட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, தம்பியின் மேல் சாய்ந்துகொண்டு இடது முன்னங்காலைத் தூக்கிக் காட்டினான். அதிகாரி அப்போதுதான் சிரித்தார். சிரித்ததை மறைக்க இருமினார்.

தன் இடத்தில் போய் உட்கார்ந்து, யாரிடமோ போனில் நெடுநேரம் பேசினார். பிறகு சொன்னார்: "பாதி தரலாம்னு சொல்றாங்க. ஆனா இனிமே இந்த நாயோட கால் சம்பந்தமா எதுவும் கேக்க மாட்டேன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

"எந்தக் கால்?"

"நாலு காலும்தான்."

"அப்ப நான் வயித்துக்கும் வாலுக்கும் மட்டும் பணம் கட்டணுமா? சார், நான் பஸ் ஓட்டுறவ. டிக்கெட் எடுத்தவங்களப் பாதி வழியில எறக்கி விட்டதே இல்ல. என்னையும் எறக்கி விடாதீங்க. நார் அறுந்தது நான் பணம் கட்டிட்டிருக்கிற நாளுலதான். முழுசாத் தாங்க. இல்லன்னா, முடியாதுன்னு ஒங்க பேர் போட்டு எழுதிக் குடுங்க. அடுத்து எங்க போகணுமோ அங்க போறேன், இதே தள்ளுவண்டியோட."

பாதியாவது வாங்கிக்கொள் என்று தம்பி புடவைத் தலைப்பை இழுத்தான். தட்டிவிட்டாள். ஷிஃப்டு போனது. சம்பளத்தில் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். அவள் உட்காரவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. மேசைக்கு எதிரே ஒற்றைக் காலில் நின்றாள். அதிகாரி இரண்டாவது தடவையும் போனை எடுத்தார். "முன்னங்கால நானே பாத்தேன் சார்" என்று இம்முறை அவர் குரலும் கொஞ்சம் உயர்ந்தது.

ஆபரேஷன் அடுத்த வாரம் நடந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி முழுத் தொகையையும் கட்டியது. தையல் பிரித்த அன்று டாக்டர் எடை பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. எடை மெஷின் வேலை செய்யவில்லை என்று சொன்னார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

புது வருடத்துக்கான இன்சூரன்ஸ் தொகையைத் தெரிவித்துச் செய்தி வந்தபோது துரை மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தான். தொகை ஒரேயடியாக இரண்டு மடங்காகியிருந்தது.

"அவ்வளவுதான்க்கா. இந்தக் கையால குடுத்து அந்தக் கையால வாங்குறாங்க. விட்டுத் தொலை" என்றான் தம்பி.

"எதுக்கு ரெண்டு மடங்குன்னு அவங்க எனக்கு வெளக்கட்டும். வெளக்கினப்புறம் விடறதா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்."

ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். துரை மாடிப்படியிலிருந்து ஓட்டமாக இறங்கி, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கதவுக்கு வந்தான்.

"இன்னைக்கு நீயும்தான் வர்ற, கால எறக்கு" என்று அவன் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டினாள். "இன்சூரன்ஸ் ஆபீசுல ஒழுங்கா நாலு கால்ல நடக்கணும். நடிச்ச, மூணு மடங்காக்கிடுவாங்க."

துரை காலை இறக்கினான். இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். கயிற்றைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனவன் அவன்தான்.