அடையாளம் மாறியிருக்கிறது

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் அவளைச் ‘சரிக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்த வேலையைத் தலையில் கட்டினாலும், “சரி, வச்சிட்டுப் போ” என்பாள். ஆனால் பல் அச்சு விஷயத்தில் மட்டும் பொல்லாதவள். வந்திருக்கும் அச்சு அதே ஆளுடைய வாய்தானா என்று பழைய வார்ப்போடு பொருத்திப் பார்க்காமல் மெழுகைத் தொடமாட்டாள். டாக்டரே போனில் அவசரப்படுத்தினாலும், “வேற யாரோட வாய்க்கோ பல்லைக் கட்டிட்டு, அப்புறம் யாரு வாங்கிக் கட்டிக்கிறது?” என்பாள்.

தனியாக இருந்தவளிடம் தங்கை ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். தங்கையின் கணவன் வீடுகளுக்கு நெட் இணைப்பு கொடுக்கிறவன். வெளியே தேனாகப் பேசுவான். வீட்டுக்குள் அவன் கைதான் பேசும். இந்த முறை தங்கையின் காது கிழிந்திருந்தது. “அவ எங்க இருந்தாலும் நான் உள்ள வருவேன்” என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான். அவன் சொன்னால் செய்கிறவன், பாவி.

இதில் கொடுமை என்னவென்றால், அக்கா வீட்டுக் கதவுப் பூட்டே அவன் போட்டதுதான். உறவு நன்றாக இருந்த காலத்தில் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, நெட்டில் இயங்கும் பூட்டையும், அதைத் திறக்கவும் மூடவும் வைக்கும் ஒரு சின்னப் பெட்டியையும் வைத்துக் கொடுத்தான். தங்கை வந்த அன்றே அக்கா பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். இனி அவனால் அந்தப் பெட்டிக்குள் நுழைய முடியாது. அவளோ கூடத்தில் இருந்தபடியே போனில் நுழைந்து, கதவு பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறப்பாள். பார்க்காவிட்டால் சோறு இறங்காது.

அன்று மதியம் போனில் ஓர் எச்சரிக்கை வந்தது. ‘பெட்டியின் அடையாளம் மாறியிருக்கிறது. இது நீங்கள் தேடிய பெட்டியாக இல்லாமலும் இருக்கலாம். தொடரலாமா?’

அவளுக்கு இது புதிதல்ல. முன்பு பழைய பெட்டி கெட்டுப்போய் அவன் வேறு வைத்தபோதும் இதே மாதிரி வந்தது. “அது சும்மா மிரட்டும்க்கா. ஆமாம்னு தட்டிட்டுப் போங்க” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு மறந்துபோயிருந்தது, பழக்கம் மட்டும் விரலில் தங்கிவிட்டது. ‘ஆமாம்’ என்று தட்டி, பாஸ்வேர்டைப் போட்டாள்.

தவறு என்றது. விரலில் அச்சு மாவு ஒட்டியிருக்கும் என்று துடைத்துவிட்டு, எழுத்தெழுத்தாக மறுபடியும் போட்டாள். இணைப்பே அறுந்துபோனது.

சரி, அப்புறம் பார்க்கலாம் என்று சோற்றைப் பிசைந்தவளுக்கு மனம் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு மீண்டும் முயன்றாள். அதே எச்சரிக்கை: அடையாளம் மாறியிருக்கிறது.

‘ஆமாம்’ மேல் போன விரல் நின்றது. இப்போதுதானே மாறியது, அதற்குள் இன்னொரு தடவை எப்படி மாறும்? ஒரே ஆள் பெயரில் இரண்டு வாய் அச்சு வந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? முதலில் பதில் சொன்னது வேறு பெட்டி. நடுவில் யாரோ கொண்டுவந்து செருகி, வேலை முடிந்ததும் உருவிக்கொண்ட பெட்டி. வீட்டுக்கு வரும் நெட் கம்பி மாடிப்படிக்குக் கீழே, யார் கைக்கும் எட்டும்படி திறந்து கிடந்தது. அந்தப் பெட்டியில் போட்டு, பாஸ்வேர்டைத் தன் கையாலேயே அவனிடம் கொடுத்துவிட்டாள்.

தங்கையை அழைத்தாள். உடனே எடுத்தாள்.

“அடியே, மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடு. எதுக்குன்னு கேக்காத, ஓடு!”

“என்னக்கா சொல்ற? இப்பதான் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டுச்சு. நீ சீக்கிரம் வந்துட்டியோன்னு நெனச்சேன்...”

தங்கையின் பேச்சு பாதியில் நின்றது. போன் எங்கோ கீழே விழுந்தது, அணையவில்லை. அதில் ஒரு குரல், அதே தேன் குரல், நிதானமாகக் கேட்டது.

“ஏன் பயப்படுற? உங்க அக்காதான் திறந்துவிட்டாங்க.”