இரண்டு காதுக்கு இரண்டு ஒயர்

அன்று அந்த அறையில் இருந்தது மூன்று பேர். கட்டிலில் பெரியவர், அவரைக் குளிப்பாட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்ட மகள், அப்புறம் நான். மகன் இல்லை. அவர் திருவிடைமருதூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளாகப் பார்த்துத்தான் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"அப்பா வாயால ஒரு தடவ சொல்லிரட்டும் தம்பி, ஆத்தோர மூணு மா நெலம் எனக்குன்னு. ஊரு கேட்டுட்டா அண்ணன் மறுக்க முடியாது."

எட்டாவதோடு படிப்பை விட்டு, திருக்காட்டுப்பள்ளியில் மைக் செட் வைத்துப் பிழைக்கிறவன் நான். கச்சேரி பதிவுக்கென்று ஒரு கையடக்க ரெக்கார்டரும் உண்டு. அண்ணன் வயலுக்குப் போயிருந்த நேரத்தில் முன்பொரு முறை அதை அப்படியே நீட்டிப் பார்த்ததில், வெளியே ஓடிய மோட்டார்தான் பதிவானது. பெரியவர் குரல் அவ்வளவு இறங்கிவிட்டது. மேடை மைக்கை உதட்டில் ஒட்டிப் பிடித்தால்தான் ஆகும். ஆனால் அதன் ஒயர் நுனியில் இருக்கும் தடித்த பின் ரெக்கார்டரின் சின்ன ஓட்டைக்குள் போகாது.

தஞ்சாவூரில் சின்ன பின் வாங்கிவந்து நானே பற்றவைத்தேன். மைக்கிலிருந்து வருவது மூன்று ஒயர்: சுற்றிலும் எர்த், உள்ளே இரண்டு. ஆம்ப்ளிஃபயருக்கென்றால் இரண்டில் ஒன்றை எர்த்தோடு முறுக்கிவிடுவேன். இந்தச் சின்ன பின்னிலோ இடது காதுக்கொரு முனை, வலது காதுக்கொரு முனை. ஒன்றைக் காலியாக விட்டால் ஒரு காது செத்துப்போகுமே என்று பயந்து, முனைக்கொன்றாகப் பற்றவைத்தேன். ரெக்கார்டரிலிருந்து வரும் கரண்ட் மைக்கைச் சுட்டுவிடுமோ என்று அதைத் தடுக்க வழியில் கண்டன்சர் வேறு வைத்தேன். ஈயம் விட்டுப்போகுமோ என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

பெரியவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். ஹெட்போனில் கணீரென்று கேட்டது. குரல் மட்டும் தலைக்குள் நிற்காமல் எங்கேயோ வெளியே நின்று பேசுவதுபோல் இருந்தது. சாகப்போகிறவர் குரல் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் பந்தலில், பந்தி போடும் முன் அக்கா எழுந்தார். "அப்பா பேசுனது இருக்கு. எல்லாரும் கேளுங்க."

ரெக்கார்டரை மைக் செட்டில் மாட்டிப் பட்டனை அழுத்தினேன். குழாய் ஸ்பீக்கரில் வெறும் 'இஸ்ஸ்' என்று இரைச்சல். சத்தத்தைக் கூட்டினேன். இரைச்சல்தான் கூடியது.

"என்னடா, மச்சான் பாம்பாப் பொறந்துட்டாரா?" என்றார் தாய்மாமன். பந்தலே சிரித்தது.

"ஹெட்போன்ல கேக்குதுங்க. சத்தியமாக் கேக்குது."

"ஊருக்குக் கேக்காதது ஒனக்கு மட்டும் கேக்குதாக்கும்? கொண்டா" என்றார் மகன்.

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். கடைசிவரைக்கும் கேட்டார். நடுவில் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கழற்றி, "ஒண்ணுமில்ல மாமா" என்றார். நான் நகல் எடுத்து வைக்காத அந்த மெமரி கார்டை நகத்தால் நெம்பி எடுத்து, வாயிலிருந்த வெற்றிலையோடு சேர்த்து மென்றார். மெல்லும்போது தங்கச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தக்காலோரம் துப்பிவிட்டு, "அழாதடி. ஒனக்குச் சோறு போடாமயா விட்டுருவேன்?" என்றார்.

வீட்டுக்கு வந்து பின்னைப் பிரித்தபோதுதான் விளங்கியது. உள்ளிருக்கும் இரண்டு ஒயரில் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். தனித்தனிக் காதில் விட்டால் இரண்டும் கேட்கும். குழாயில் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அன்று பந்தலில் மைக் செட்டுக்குப் போன இரண்டில் ஒரு முனையைக் கழற்றியிருந்தால் ஊருக்கே கேட்டிருக்கும்.

குறுவை நடவின்போது அந்த மூணு மாவில் அக்கா கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் அண்ணன் குடை பிடித்து நின்றார்.

"தம்பி, ஒன் பாக்கி நெனப்புல இருக்கு. நடவு முடியட்டும்" என்றார் அக்கா, சேற்றிலிருந்து நிமிராமலே.

வேண்டாங்கக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் வேண்டாம் என்கிறான் என்று யோசித்தால் ஒயர் விஷயம் பிடிபட்டுவிடுமோ என்று பயம். "மெதுவாத் தாங்கக்கா" என்றேன்.

பேசியது இரண்டாயிரம், வந்தது ஐந்நூறு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இன்னும் வரவேண்டும்.